ஆகேவாலாவின் கண்

காலை ஆறே கால். புனே நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு கோல்ஃப் ரேஞ்சில் அந்த நேரத்துக்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். முதல் விரிப்பில் நின்றவருக்குச் சொந்த ஊர் திருச்சி, வேலை ஹிஞ்சவாடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில். நூறு பந்துக் கூடை ஒன்றை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு, செவன் அயர்ன் மட்டையை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். ஒரு பந்து, உடனே அடுத்த பந்து. முப்பத்தைந்து நிமிடத்தில் கூடை காலி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் உழைத்த திருப்தி.

“கடைசி இருபது பந்து சூப்பரா போச்சு சார்” என்றார்.

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் எழுந்து வந்தார். பேன்ட் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து டீ என்ற சின்ன முளையின் மேல் வைத்தார். “தம்பி, டிரைவர் மட்டையை எடுங்க. அதோ தெரியுதுல்ல, ரெண்டு கம்பம். அதுக்கு நடுவுல அடிங்க. இந்த ஒரு பந்துதான்.”

அடித்தார். பந்து வலப்புறமாகக் கிளம்பி, இன்னும் வலப்புறம் வளைந்து, வேலிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கை தானாகக் கூடையைத் தேடியது.

“வேணாம். மைதானத்துல ரெண்டாவது பந்து கிடையாது. வாங்க, சாயா குடிக்கலாம்.”

இப்படித்தான் அவர் முதல் பாடத்தைத் தொடங்குவார். புனேயில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் தமிழர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல வேண்டியது தொழிலைப் பற்றித்தான், தன்னைப் பற்றி இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் அவருடைய தொழிலை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

சாயா குடிக்கும்போது அவர் போடும் கணக்கு எளிமையானது. நூறு பந்து, முப்பத்தைந்து நிமிடம் என்றால் பந்துக்கு இருபத்தோரு விநாடி. மைதானத்தில் ஒரு ஆட்டம் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். தொண்ணூறு சொச்சம் அடியில் முடிப்பவர் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் பட்டிங்கைக் கழித்துவிட்டால் அறுபதுக்குக் குறைவான தடவைதான் மட்டையை முழுதாகவோ பாதியாகவோ வீசுகிறார். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் நடக்கிறார், பேசுகிறார், முந்தைய அடியை நினைத்து வருந்துகிறார். பிறகு வேறொரு இடத்தில், வேறொரு புல்லில், வேறொரு மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரே மட்டையால் ஒரே இடத்திலிருந்து இருபது தடவை அடிக்கும் சந்தர்ப்பம் எந்த மைதானத்திலும் வராது. “வராத பரீட்சைக்குத்தான் தினமும் படிச்சுட்டு வர்றாங்க” என்பார்.

அவருடைய அப்பா கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் தொழிலாளி. 1869இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலை அது. பழைய தமிழ்க் குடும்பங்கள் அந்த ஊரை இன்றும் கிர்க்கி என்றே சொல்லும். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, தொழிற்சாலை வாசலில் இந்தி. 1980 வாக்கில், பன்னிரண்டு வயதில், கோடை விடுமுறையில் நண்பன் ஒருவனோடு ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போனார். சில்லறைக் காசு கிடைக்கும் என்பதற்காகத்தான். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் ‘ஆகேவாலா’.

இந்திய கோல்ஃப் மைதானங்களுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத சொல் அது. பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரரோடு நடப்பவர் கேடி. ஆகேவாலா முன்னாலேயே போய்விடுவார். அடி விழப்போகும் தூரத்தில், மரத்தடியிலோ புதர் ஓரத்திலோ ஒதுங்கி நின்று, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அடிப்பவரின் இடுப்பு எப்படித் திரும்பியது, முழங்கை மடங்கியதா என்பதெல்லாம் இருநூறு யார்டு தள்ளி நிற்கும் பையனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிவது வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது எந்தப் பக்கம் கிளம்பியது, எங்கே வளைந்தது, எவ்வளவு உயரம் போனது, விழுந்த பிறகு ஓடியதா நின்றதா. அவ்வளவுதான்.

“எனக்கு கோல்ஃப் தலைகீழா வந்துச்சு” என்கிறார். “மத்தவங்க மட்டையில ஆரம்பிப்பாங்க. நான் பந்து விழற இடத்துல ஆரம்பிச்சேன்.”

மூன்று வருடத்தில், கிளம்பிய அரை விநாடிக்குள் பந்து எங்கே விழும் என்று சொல்லப் பழகிவிட்டார். அந்தக் கண் பின்னால் அவருக்குச் சோறு போட்டது. அதன் மதிப்பு அவருக்கே தெரிய வெகுகாலம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

மைதானத்து வேலையிலிருந்து ஆட்டக்காரரானவர்களின் வரிசை இந்தியாவில் நீளமானது. அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1991இல் அதே மைதானத்தில் இந்தியன் ஓப்பனை வென்றார், அப்படி வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 1993இல் மறுபடியும் வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரிப்பவர். 1829இல் தொடங்கிய அந்தக் கிளப்பில் உறுப்பினர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே சௌராசியா ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016லும் 2017லும் இந்தியன் ஓப்பன் அவர் கைக்கு வந்தன. பெங்களூரின் முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றார், அவரும் கேடியாக இருந்தவர்தான். இலங்கையிலிருந்து தங்கராஜா, பிரபாகரன் என்று தமிழ்ப் பெயர்கள் இந்தியச் சுற்றுப் போட்டிகளின் பட்டியலில் வரும்போதெல்லாம் இந்தப் பயிற்சியாளர் செய்தித்தாளில் அந்த வரியைத் தேடிப் படிப்பார்.

அலி ஷேர் வென்ற செய்தியைப் படித்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. அன்றே முடிவு செய்துவிட்டார், தொழில்முறை ஆட்டக்காரர் ஆவது என்று. அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி உழைப்பு. பழைய பந்துகளாக இருநூற்றைம்பது சேர்த்தார். ஊருக்கு வெளியே ஒரு மேட்டுநிலம். தினமும் விடிகாலையில் சைக்கிளில் போய், இருநூற்றைம்பதையும் அடிப்பது, பொறுக்குவது, மறுபடி அடிப்பது. ஒரு நாளைக்கு ஐந்நூறு. எட்டு மாதம். இடது கையின் கடைசி மூன்று விரல்களுக்குக் கீழே தோல் காய்த்துப்போய் உரிந்தது, பிறகு மரத்தது. இன்றும் அந்தக் காய்ப்பு இருக்கிறது.

எட்டாவது மாதக் கடைசியில் பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. தகுதிப் போட்டிக்குப் போனார். முதல் டீயில் அடித்த பந்து வலப்புறம் போய் எல்லைக்கு வெளியே விழுந்தது. மூன்றாவது குழியிலும் வலப்புறம். இரண்டு நாளில் வீடு திரும்பினார்.

காரணம் புரிய ஒரு வருடம் ஆயிற்று. அவர் பயிற்சி செய்த மேட்டுநிலம் சமதரை இல்லை. நின்று அடிக்கும் இடத்தில் பந்து பாதத்தைவிட நாலு விரற்கடை உயரத்தில் இருக்கும். பந்து பாதத்துக்கு மேலே இருந்தால், வலக்கைக்காரருக்கு அது இடப்புறம் இழுக்கும், கோல்ஃபின் பால பாடம் இது. எட்டு மாதம் அந்த இழுப்பைத் தன்னையறியாமல் சரிசெய்து சரிசெய்து, மட்டை முகத்தைக் கொஞ்சம் வலப்புறம் திறந்து அடிக்க அவர் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. சமதரையில் அந்தத் திருத்தமே பிழை ஆகிவிட்டது.

“ஒரு லட்சம் பந்து அடிச்சிருப்பேன். அந்த மேட்டுல அடிக்கத்தான் கத்துக்கிட்டேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த எட்டு மாதம் அவருக்கு ஆறவில்லை.

ஆட்டக்காரர் ஆகும் கனவு அப்படி முடிந்தது. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்வி மட்டும் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தார். அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து 1994இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அவருக்கு மனப்பாடம். வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குக் கூடுதலாக நாற்பத்தைந்து பந்து வீசினார்கள். மூன்று வகைப் பந்து. ஒரு குழுவுக்கு வகைக்குப் பதினைந்தாக வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே மூன்று வகை, ஆனால் எது எப்போது வரும் என்று தெரியாதபடி கலந்துகட்டி. வரிசையாக ஆடியவர்களின் ஆட்டம் சுமார் 25 சதவீதம் மேம்பட்டது. கலந்து ஆடியவர்களுடையது சுமார் 57 சதவீதம். பந்தின் எண்ணிக்கை ஒன்றே, உழைப்பு ஒன்றே.

கிரிக்கெட் வலையில் நின்றவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அடுத்தது என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. கோல்ஃபில் பந்து சும்மாதான் கிடக்கிறது, ஆனாலும் அதே கதைதான். இரண்டாவது செவன் அயர்ன் அடிக்கு முதல் அடியே விடை சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பத்தாவது அடியில் உடம்பு வெறும் நகல் எடுக்கிறது. நகல் எடுப்பது இனிமையாக இருக்கும். “கடைசி இருபது சூப்பர்” என்று தோன்றுவது அதனால்தான். மறுநாள் காலை அந்த இருபது எங்கே போயிற்று என்று தெரியாது.

இந்த இடத்தில் அவர் ஒரு எச்சரிக்கையும் வைப்பார், அது நியாயமானது. மட்டையையே இப்போதுதான் பிடிப்பவருக்கு முதல் சில வாரம் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி. அவருடைய அக்கா சின்ன வயதில் கிர்க்கியில் ஒரு பாட்டு டீச்சரிடம் கற்றுக்கொண்டார். சரளி வரிசையை முதல் காலத்தில் சுத்தமாகப் பாடாமல் இரண்டாம் காலத்துக்குப் போகவிட மாட்டாராம் அந்த டீச்சர். அதே முறைதான் இங்கேயும். புதிதாக ஓர் அசைவைக் கற்கும்போது பந்தை எடுத்துவிடுகிறார். மட்டையை மட்டும் மெதுவாக, முதல் காலத்தில், மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவர வேண்டும். “ஹளூ ஹளூ” என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நிற்பார். மெதுவாகச் செய்ய முடியாததை வேகத்தில் செய்ய முடியாது என்பதை அவர் அக்காவின் சரளி வரிசையிலிருந்துதான் புரிந்துகொண்டாராம்.

ஆக, பழுது பார்க்கும் நேரம் வேறு, பரீட்சை நேரம் வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம்.

பழுது பார்ப்பதற்கு அவரிடம் இருக்கும் முக்கியமான கருவி புனே மண்டயி சந்தையில் வாங்கிய ஒரு பொட்டலம் வெள்ளை ரங்கோலிப் பொடி.

ரேஞ்சின் கடைசியில் இயற்கைப் புல் இருக்கும் பகுதிக்கு மாணவரை அழைத்துப்போகிறார். குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடியை ஒழுகவிட்டு, புல்லின் மேல் ஒரு முழ நீளத்துக்கு நேர்க்கோடு போடுகிறார். அம்மா வாசலில் இழுத்த கோடுகளைப் பார்த்து வளர்ந்த கை, கோடு நடுங்குவதில்லை. மாணவர் அந்தக் கோடு இரண்டு பாதத்துக்கும் நடுவே வரும்படி நிற்க வேண்டும். பந்து கிடையாது. மட்டையை வீசி, கோட்டுக்கு முன்பக்கம், அதாவது இலக்கை நோக்கிய பக்கத்தில், புல்லைச் சீவ வேண்டும்.

கேட்க எளிது. முதல் வீச்சிலேயே பெரும்பாலானவர்களுக்குக் கோட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி மண் பெயர்கிறது. பொடி பறக்கவே இல்லை, கோடு அப்படியே கிடக்கிறது. அந்தத் திருச்சிக்காரர் பத்து வீச்சில் எட்டுத் தடவை கோட்டுக்குப் பின்னால் மண்ணைக் கிளப்பினார். “ஆனா சார், பந்து நல்லாத்தானே போச்சு?” என்று கேட்டார். காரணம் ரேஞ்சு விரிப்பு. செயற்கை விரிப்பின் மேல் மட்டை முன்கூட்டியே தரையைத் தொட்டாலும் வழுக்கிக்கொண்டுபோய்ப் பந்தில் பட்டுவிடும், பிழை வெளியே தெரியாது. நிஜப் புல்லில் அதே வீச்சு மண்ணுக்குள் சிக்கி, பந்து பாதி தூரம்கூடப் போகாது. நல்ல ஆட்டக்காரரின் அயர்ன் முதலில் பந்தைத் தொட்டுப் பிறகுதான் புல்லைச் சீவும். பெயர்ந்த புல்லின் தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னாலிருந்து தொடங்கும்.

நாற்பது நிமிடம் அந்தப் புல்தரையில் பந்தே இல்லாமல் வீசினார் மாணவர். இடுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை ஆசிரியர். தலையைப் பற்றியும் சொல்லவில்லை. கோட்டைக் காட்டினார், அவ்வளவுதான். இருபதாவது வீச்சுக்குப் பிறகு எடை தானாக இடது காலுக்கு வர ஆரம்பித்தது. முப்பதாவதில் பொடி முன்பக்கமாகத் தெறித்தது. பெயர்ந்த புல்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார் ஆசிரியர். மெல்லியதாக, ஒரு தோசைத் துண்டு கனத்தில் இருந்தது. திருப்பி அதே குழியில் வைத்துக் காலால் அழுத்தினார்.

உடம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க அவர் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றார். இருபது வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான், பதின்மூன்று வயது. இயல்பாகவே அழகான வீச்சு. இவருக்கு அப்போது படித்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற ஆர்வம். இடது முழங்கையை மடக்காதே, தலையை ஆட்டாதே, இடுப்பைத் திருப்பு, மணிக்கட்டைப் பிடித்து வை. மட்டை மேலே போய்க் கீழே வந்து பந்தில் பட ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குள் நான்கு கட்டளை. நான்கு மாதத்தில் பையன் பந்துக்கு முன்னால் நின்று உறைந்துபோக ஆரம்பித்தான். ஒரு நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. “அவனைக் கெடுத்தது நான்தான்” என்கிறார், சுற்றி வளைக்காமல்.

காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 1999இல் புதியவர்களுக்கு கோல்ஃப் பிட்ச் ஷாட் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேரிடம் கை வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், மறு பாதியிடம் மட்டை வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்கள் இலக்குக்குப் பக்கத்தில் அடித்தார்கள், மறுநாளும் அப்படியே. கவனம் உடம்புக்கு வெளியே இருந்தால் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இதைப் படித்த அன்று அவருக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்ததாம். கூடவே ஆகேவாலா வேலையும். வெள்ளைப் புள்ளியை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்குக் கையில் இருந்த பொக்கிஷம் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

பந்தின் பறப்பைப் படிப்பது எப்படி என்று அவர் சொல்வதை இங்கே எழுதியே ஆக வேண்டும், பணம் செலவில்லாத பாடம் அது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் மட்டை முகம் பார்க்கும் திசை. கிளம்பிய பின் வளைவது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். வெகுகாலம் இதைத் தலைகீழாகவே சொல்லிக்கொடுத்தார்கள். டென்மார்க்கின் ட்ராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்து பரவிய பிறகுதான் பழைய பாடம் தவறு என்று பரவலாக ஒப்புக்கொண்டார்கள். பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. தொண்ணூறு அடி அடிப்பவர் நான்கு மணி நேர ஆட்டத்தில் பந்தைத் தொடும் மொத்த நேரம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் பந்து அதை வானத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. வலப்புறம் கிளம்பி மேலும் வலப்புறம் வளைந்தால், முகம் திறந்திருந்தது, பாதை அதைவிட இடப்புறம் இருந்தது. படிக்கத் தெரிந்தவருக்குக் கருவி தேவையில்லை.

மட்டையின் எந்த இடத்தில் பட்டது என்று தெரிய, பந்தின் பின்பக்கம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கிறார். அடித்த பிறகு மட்டை முகத்தில் அந்தப் புள்ளி பதிந்திருக்கும். நடுவிலா, நுனியிலா, குதிகாலிலா என்று கைக்குட்டையால் துடைப்பதற்குள் தெரிந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் போனில் வீடியோ எடுத்துப் பார்ப்பவர்களிடம் அவருக்குக் கோபம் உண்டு. ஐந்து அடிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அதுவும் பார்ப்பதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். விடை எப்போதும் கையில் இருந்தால் யாரும் கணக்குப் போடுவதில்லை.

எரவாடாவில் பூனா கிளப்பின் 18 குழி மைதானம் இருக்கிறது. பக்கத்துச் சந்திப்புக்கே கோல்ஃப் கிளப் சௌக் என்றுதான் பெயர், ரிக்‌ஷாக்காரரிடம் அப்படிச் சொன்னால் போதும். தொழில்முறைப் போட்டிகள் அங்கே நடக்கும்போது மாணவர்களை அழைத்துப்போவார், ஆட்டத்தைப் பார்க்க இல்லை, ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்வதைப் பார்க்க. தரையில் ஒரு கம்பு திசை காட்டக் கிடக்கும். ஒரு பந்து அடித்துவிட்டு அது விழும்வரை பார்ப்பார்கள். பின்னால் வந்து நின்று இலக்கைப் பார்த்துவிட்டு மறுபடி நிற்பார்கள். மட்டை மாறும். அவசரம் இருக்காது. கூடையைக் காலி செய்ய யாரும் அங்கே வருவதில்லை.

சென்னையில் பிறந்து புனேயைத் தளமாகக் கொண்டு ஆடும் உதயன் மானேயின் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கணக்கை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். அர்ஜென்டினா வீரர் ஒருவர் விலகியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்து 2021இல் காசுமிகாசேகி மைதானத்துக்குப் போனார் மானே. முதல் நாள் 76, மறுநாள் 69. ஒரு இரவு இடைவெளியில் ஏழு அடி வித்தியாசம். ஒரு இரவில் யாருடைய வீச்சும் அவ்வளவு மாறாது. ஆகவே, ஒரு மோசமான நாளைக்குப் பிறகு ரேஞ்சுக்கு ஓடிவந்து வீச்சையே மாற்றிக்கொடுங்கள் என்று கேட்கும் மாணவரை இவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். முதலில் பத்துப் பந்து பரீட்சை, பிறகு பேச்சு.

அந்தப் பரீட்சைதான் அவருடைய பயிற்சியின் மையம். ரேஞ்சில் இருபது யார்டு இடைவெளியில் இரண்டு கம்பம். அதுதான் ஃபேர்வே. மாணவர் மனதுக்குள் ஒரு மைதானத்தை ஆட வேண்டும். முதல் அடி டிரைவர், அடுத்தது எய்ட் அயர்ன், அடுத்தது வெட்ஜ். மறுபடி டிரைவர். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வந்து நின்று, இலக்கைச் சொல்லி, பிறகுதான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் மூச்சு வாங்க நேரம். ஒரு மணி நேரத்தில் நாற்பது பந்துக்கு மேல் யாராலும் இப்படி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. தப்பினால் திருப்பி அடிப்பது கிடையாது, அதை நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அவரிடம் கற்பவர்கள் எல்லோரிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். எத்தனை பந்து அடித்தோம் என்று அதில் எழுதக் கூடாது. பத்தில் எத்தனை, எந்தப் பக்கம் தப்பியது, இரண்டே விவரம்தான்.

மாணவர்களுக்கு இது பிடிப்பதில்லை, ஆரம்பத்தில். நூறு பந்து அடித்தால் கிடைக்கும் வியர்வையும் தாளமும் இதில் இல்லை. பத்தில் மூன்று என்று தன் கையாலேயே எழுதுவது வலிக்கிறது. சிலர் வேறு பயிற்சியாளரிடம் போய்விடுகிறார்கள். ஃபிஜியில் பிறந்த விஜய் சிங் நாள் முழுக்க ரேஞ்சில் நின்றாரே, 2004இல் ஒன்பது போட்டி வென்று டைகர் உட்ஸைத் தாண்டி உலகின் முதல் இடத்துக்கு வந்தாரே என்று ஒருவர் வாதாடினார். “அவருக்கு அது முழுநேரத் தொழில். உங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்தை எப்படிச் செலவு பண்றதுன்னுதான் கேள்வி” என்று பதில் சொன்னார்.

ஜூன் மாதம் பிறந்தால் புனேயில் மழை. புல்தரை சேறாகிவிடும், ரங்கோலிக் கோடு நிற்காது. கூரைக்குக் கீழே, விரிப்பின் மேல்தான் எல்லாப் பயிற்சியும். விரிப்பு பிழையை மறைக்கும் என்பதால் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார். பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்று. மட்டை சீக்கிரம் தரைக்கு வந்தால் துண்டைத் தட்டும், சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். மழை பலமாகப் பெய்யும் நாட்களில் பட்டிங் மட்டும். இரண்டு டீயை மட்டையைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக நட்டு, அதன் நடுவே மட்டை இடிக்காமல் போய்வர வேண்டும். ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பட்டிங்தான், அதற்கு யாரும் கூடை வாங்குவதில்லையே என்று அவருக்கு ஆதங்கம்.

திருச்சிக்காரர் நிலைத்துவிட்டார். ஜூலையில் அவர் நோட்டில் டிரைவருக்குப் பத்தில் மூன்று. எல்லாம் வலப்புறத் தப்பு. அக்டோபரில், மழை விட்டு புல் பச்சையாக நிற்கும் ஒரு காலையில், பத்தில் ஐந்து. தப்பிய ஐந்தில் இரண்டு இடப்புறம். இடப்புறத் தப்பைப் பார்த்து ஆசிரியர் முகம் மலர்ந்தது. “பந்து ரெண்டு பக்கமும் போகுதுன்னா முகம் மூட ஆரம்பிச்சுருச்சு. இப்பதான் வேலை செய்ய ஆரம்பிக்கலாம்.”

அன்று கூடையைத் தொடவிடவில்லை. “நீங்க அங்க போங்க” என்று நூற்றைம்பது யார்டு பலகைக்குப் பக்கத்தில், பந்து பொறுக்குபவர்கள் ஒதுங்குவதற்காக வலை அடித்திருந்த கொட்டகையைக் காட்டினார். மாணவர் நடந்து போய் வலைக்குப் பின்னால் நின்றார். கைப்பேசியில் அழைத்தார் ஆசிரியர், ஸ்பீக்கரில் போட்டு டீ பெட்டியின் மேல் வைத்தார். ஐம்பத்தேழு வயதுக் கை செவன் அயர்னை எடுத்தது.

முதல் பந்து.

“எங்க சார்? தெரியலையே… ஆ, இங்க. பத்தடி இடது.”

இரண்டாவது. “நேரா வந்துச்சு.” மூன்றாவதை வேண்டுமென்றே முகத்தைத் திறந்து அடித்தார். “வலது சார், நல்லா வலது.” நான்காவது, ஐந்தாவது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த விரிப்பில் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டு இந்தப் பேச்சைக் கேட்டார்.

எட்டாவது பந்து மட்டையை விட்டுக் கிளம்பி ஒரு தென்னை உயரம்கூட ஏறவில்லை. அதற்குள் பெட்டி மேலிருந்து குரல் வந்தது.

“வலதுல கிளம்புது, உள்ள வளையும் சார். பலகைக்குப் பக்கத்துல.”

பந்து இன்னும் வானத்தில்தான் இருந்தது.